நான் போடாத மாலை

1

இன்று காலை பெட்ரோல் போடப் போன இடத்தில் ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் வரிசையாக நின்று காப்பி பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு மான் சீசன் திறக்கிறது. கல்லாவில் நின்ற பெண், "நீ போகவில்லையா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு வண்டியில் வந்து உட்கார்ந்தேன். சாவியைத் திருக உடனே கை வரவில்லை.

போன வருஷம் இதே வாரத்தில் நடந்ததை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. மனைவிக்குப் பாதி தெரியும். மகளுக்குத் தெரிந்தாலும் புரியாது. ஊரில் எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது முழுக்கத் தப்பு. அதனால்தான் ஊர்க்காரர்கள் வாசிக்கும் இடத்தில் எழுதுகிறேன்.

என் பெயர் மணிகண்டன். குலசேகரத்துக்காரன். நாகர்கோவிலில் பாலிடெக்னிக் படித்துவிட்டு ஊரில் ஒரு ரப்பர் கம்பெனியில் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி சுனிதா நர்ஸ். அவளுக்கு அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்கே ஒரு சிறிய ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அவள் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு நானும் வந்தேன். இங்கே ஒரு சீஸ் ஃபேக்டரியில் பேக்கிங் மெஷின் ரிப்பேர் எனக்கு வேலை. மணிகண்டன் என்று சொல்ல இவர்கள் நாக்கு வளையாது. நான் 'மேனி' ஆனேன்.

நாங்கள் வந்து சில வருஷம் கழித்து அனில் வந்தான். அனில் எங்கள் தெரு. ஒரே பெஞ்சு, ஒரே பஸ், ஒரே பாலிடெக்னிக். ஒரே குருசாமியிடம் மாலை போட்டு சபரிமலைக்குப் போனவர்கள். அதற்குப் பிறகு அவன் வளைகுடாவுக்குப் போய்ப் பல வருஷம் இருந்தான். அவன் மனைவி ஷீபாவும் நர்ஸ்தான். இந்த ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று சுனிதா சொல்லித்தான் ஷீபா விண்ணப்பித்தாள். ஃபேக்டரியில் அனிலுக்காகப் பேசியது நான். இங்கே அவன் 'நீல்'.

2

நம் பக்கத்தில் மிளா மான் மேல் கை வைத்தால் வனத்துறை ஜீப் வீட்டு வாசலில் நிற்கும். இங்கே மானைச் சுடாதவன் இந்த ஊர்க்காரனே இல்லை. நவம்பர் கடைசியில் சீசன் திறக்கிற சனிக்கிழமை பள்ளிக்கூட வாத்தியார் முதல் பல் டாக்டர் வரை எல்லோரும் காட்டில் இருப்பார்கள். ஃபேக்டரியில் அன்றைக்கு மெஷின் ஓட்ட ஆள் கிடைக்காது. ஆகவே நாங்கள் ஓட்டுவோம். நான், அனில், மெக்சிகோக்காரர்கள் சிலர். மற்ற நாளெல்லாம் எங்களோடு சேர்ந்து சிரித்துப் பேசுகிறவர்கள் திங்கட்கிழமை திரும்பி வந்ததும் வேறு ஆட்களாகிவிடுவார்கள். யார் எந்த மரத்தடியில் உட்கார்ந்தான், யார் குண்டு தவறியது, யார் குறட்டை தாங்கவில்லை என்று ஒரு மாசத்துக்குப் பேச்சு ஓடும். எங்களுக்கு அவர்கள் நடுவில் நிற்க இடமிருக்கும், சொல்ல ஒன்றும் இருக்காது.

எங்கள் ஃபோர்மேன் பெயர் கேரி. அறுபதைத் தாண்டிய பெரிய உடம்புக்காரர், சர்ச்சுக்கு ஒழுங்காகப் போகிறவர். காட்டுக்குள் அவருக்குக் கொஞ்சம் நிலமும் அதில் ஒரு மர கேபினும் உண்டு. வருஷா வருஷம் அவரோடு போகும் கூட்டம் மாறாது. போன வருஷம் கோடையில் அவர் மச்சினருக்கு முழங்கால் ஆப்பரேஷன். ஒரு கட்டில் காலி.

ஒருநாள் மெஷினுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தேன். கேரி குனிந்து பார்த்துச் சொன்னார்: "மேனி, லைசன்ஸ் எடுத்துக்கொள். இந்த வருஷம் நீ என்னோடு வருகிறாய்."

எழுந்தபோது தலை மெஷினில் இடித்தது. அந்த வலியோடுதான் நன்றி சொன்னேன். வந்து இத்தனை வருஷத்தில் இந்த நாட்டில் யாரும் என்னிடம் "என்னோடு வா" என்று சொன்னதில்லை. "கையெழுத்துப் போடு, காத்திரு, அடுத்த கவுன்டருக்குப் போ" இவைதான்.

சாயங்காலமே அனிலிடம் சொன்னேன்.

"கொள்ளாம் மக்கா," என்றான். "ஒனக்கு யோகம் கெடக்கு."

"நான் கேக்கியேன் அவருகிட்ட. ஒனக்கும் ஒரு எடம் கிட்டுமான்னு."

"வேண்டாம்லே. மொதல்ல நீ போயிட்டு வா. எனக்குப் பொறவு பாக்கலாம்."

3

வேட்டைக்கு இங்கே ஒரு பாதுகாப்பு வகுப்பு இருக்கிறது. அதில் தேறாமல் லைசன்ஸ் கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கிற வகுப்பு. நாற்பதைத் தாண்டிய நான் அவர்கள் நடுவில் முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்தேன். பக்கத்தில் என் மகள் தேவிகா. எனக்கு ஆங்கிலம் தடுக்கும் இடத்தில் சொல்லித்தர வருகிறேன் என்று வந்தவள். வாத்தியார் குண்டின் எடையை 'கிரெய்ன்' கணக்கில் சொல்லிக்கொண்டு போனார். தானியத்துக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் காதில் கேட்டேன். அவள் மேசையில் முகத்தைக் கவிழ்த்துச் சிரித்தாள். பரீட்சையில் அவள் முதல், நான் கடைசிக்குக் கொஞ்சம் மேல்.

அடுத்து துப்பாக்கி. எந்த மாடல் என்பதை விட எந்தக் குண்டு என்பதுதான் இங்கே பெரிய கேள்வி. ரெண்டு பேர் சேர்ந்தால் அதைப் பற்றித்தான் சண்டை. ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், குண்டின் குறுக்களவும் அதன் பின்னால் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதும்தான் விஷயம். சின்னக் குண்டு என்றால் தோளில் உதை குறைவு, ஆனால் சரியான இடத்தில் படவேண்டும். பெரிய குண்டு மானை விழத்தட்டும், கூடவே சுடுகிறவன் தோளையும் கெடுக்கும், பாதி இறைச்சியையும் கெடுக்கும். உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறவன் எவ்வளவு பெரிய குண்டு வைத்திருந்தும் பிரயோசனமில்லை.

முதல் கடையில் இருந்த இளைஞன் கரடியைக் கொல்லும் மேக்னம் ஒன்றை எடுத்து என் கையில் தந்தான். ரெண்டாவது கடையில் வயதானவர். "தர்ட்டி ஸீரோ சிக்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டேன். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதை 'தர்ட்டி ஆட் சிக்ஸ்' என்றுதான் சொல்ல வேண்டுமாம். பழைய பட்டாளத்துக் குண்டு, இந்த ஊரில் பாதிப் பேர் வீட்டில் அதுதான். அவர் என் தோளைப் பார்த்துவிட்டு டூ ஃபார்ட்டி த்ரீ என்ற சின்னக் குண்டுத் துப்பாக்கியை எடுத்து வைத்தார். "உதை இருக்காது. இந்தக் காட்டு மானுக்குத் தாராளமாகப் போதும்," என்றார். நியாயமான பேச்சுதான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணத்தை அனிலின் கராஜில் வைத்து அவனிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கேதான் உட்காருவோம்.

நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அப்பா ஒரு எஸ்டேட்டில் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி. ஒரு விடியற்காலையில் மரங்களுக்கு நடுவே ஒரு மிளா கிடந்தது. யாரோ நாட்டுத் துப்பாக்கியால் வயிற்றில் சுட்டிருக்கிறார்கள். சின்னச் சின்ன ரவைக் குண்டுகள். சாகவும் இல்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. அப்பா பால்வெட்டை விட்டுவிட்டு, பால் எடுக்கும் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் கொண்டுவந்து அதன் வாயில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்தேன், அதன் கண் அப்பாவின் மேலேயே இருந்தது. அது செத்த பிறகு வனத்துறை ஜீப் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அப்பா மட்டும்தானே, அவரைத்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். சுட்டது யார் என்று ஊருக்கே தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. சாயங்காலம் திரும்பி வந்த அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. "கொல்லணும்னா கொன்னிருக்கணும் மக்கா. இப்பிடியா விட்டுட்டுப் போவது?" என்றார்.

"அதுனாலதான்லே," என்று அனிலிடம் சொன்னேன். "நான் சுட்டா அது ஓடிப்போய் எங்கயும் கெடந்து சாவப்பிடாது. டூ ஃபார்ட்டி த்ரீய எனக்கக் கைக்கு நம்ப முடியாது. பெருச எனக்கத் தோளுக்கு நம்ப முடியாது."

"அப்பம் எதுதான் வாங்கப் போற?"

"செவன் எம்எம் ஓ எய்ட்." மூன்று மாசமாக யோசித்துக் கண்டுபிடித்த பதிலை அவனுக்கு விரித்துச் சொன்னேன். இங்கே காடு அடர்ந்தது, தூரத்தில் சுடும் வேலையே கிடையாது. இது நடுத்தரம். உதை தாங்கலாம். குண்டு ஆழமாகப் போகும். எந்தக் கடையிலும் கிடைக்கும். பிறகு தேவிகா ஆசைப்பட்டால் அவளும் சுடலாம்.

அனில் எல்லாவற்றையும் கேட்டான். நடுவில் ஒரு கேள்வி கூடக் கேட்டான், "கிரெய்ன் எவ்வளவு நல்லது?" என்று. எவ்வளவு என்று சொன்னேன். என் பேச்சைப் பொறுமையாகக் கேட்க ஒருத்தன் இருக்கிறான் என்று அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

4

வாங்கப் போனால் என் பெயர் குறுக்கே நின்றது. பாஸ்போர்ட் எடுத்த காலத்தில் எவனோ அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிட்டான். கிரீன் கார்டில் ஒரு மாதிரி, டிரைவிங் லைசன்ஸில் இன்னொரு மாதிரி. கடைக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "மிஸ்டர் தங்கப்பன், உங்களுக்கு உடனே அனுமதி வரவில்லை. காத்திருக்க வேண்டும்," என்றார். அப்பா செத்துப் பல வருஷமாகிறது. இந்த நாட்டு அலுவலகங்களில் அவரைத்தான் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஒருவழியாக அனுமதி வந்து துப்பாக்கியும் வந்தது. சுடும் மைதானத்துக்கு நான், தேவிகா, அனில் மூன்று பேரும் போனோம். முதல் வெடிக்கு என் காதில் மஃப் இருந்தும் நெஞ்சு அதிர்ந்தது. அனிலும் சுட்டுப் பார்த்தான். துப்பாக்கியைத் திருப்பித் தரும்போது, "நல்ல சாமான்," என்றான். அவ்வளவுதான்.

சீசனுக்கு முந்தின வாரம். கேரி என் மெஷின் பக்கம் வந்து நின்றார். எப்போதும் உரக்கப் பேசுகிறவர் அன்றைக்குக் குரலைத் தாழ்த்தினார். தோளில் கை வைத்து, நாற்பத்தொன்று என்று என்னமோ சொன்னார். தன்னால் முடியாது என்றார், மரியாதை என்ற வார்த்தை வந்தது. பேக்கிங் லைன் சத்தத்தில் பாதிதான் கேட்டது. மெஷின் நம்பர் நாற்பத்தொன்றைச் சரிசெய்ததற்குப் பாராட்டுகிறார் என்று நினைத்தேன். எங்களுக்கு ஆங்கிலம் புரியாத இடத்தில் என்ன செய்வோம்? சிரிப்போம். நானும் சிரித்து, "தேங்க் யூ, கேரி. ரொம்ப தேங்க்ஸ்," என்றேன்.

என் தலையில் நானே கல்லைப் போட்டது அந்த நேரத்தில்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியான ஷிஃப்டுக்குப் போனபோது வண்டியின் பின்னால் பை தயாராக இருந்தது. சுனிதா கம்பளிச் சாக்ஸ் வாங்கி வைத்திருந்தாள். வேலை முடிந்ததும் கேரியின் வீட்டுக்குப் போவதாகத் திட்டம். சுவரில் தொங்கிய ஷிஃப்ட் அட்டவணையைப் பார்த்தேன். சனிக்கிழமைக்கு என் பெயர் இருந்தது. அனிலின் பெயர் இல்லை.

சூப்பர்வைசர் பெண்ணிடம் தப்பு நடந்திருக்கிறது என்றேன். அவள் என்னை அன்போடு பார்த்தாள்.

"தப்பில்லை மேனி. உனக்கு விரதம் என்று கேரி சொன்னாரே. இரத்தம் இருக்கும் இடத்துக்கே போகக்கூடாதாமே. உன் இடத்துக்கு நீல் போய்விட்டான். காலையிலேயே கிளம்பிவிட்டார்கள்."

அனிலுக்கு ஃபோன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. திரும்பவும் போட்டேன். கேபினில் சிக்னல் கிடையாது என்று எனக்கும் தெரியும்.

அங்கேதான் எல்லாம் புரிந்தது. நாற்பத்தொன்று மெஷின் நம்பர் இல்லை, மண்டல விரதத்தின் நாள் கணக்கு. கார்த்திகை பிறந்துவிட்டது. மாலை போட்டவன் எதைத் தொடக்கூடாது, எங்கே போகக்கூடாது என்று இந்த ஊரில் என்னைத் தவிரத் தெரிந்த ஒரே ஆள் அனில். நான் மாலை போட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். அதுவும் அவனுக்குத் தெரியும்.

5

சனிக்கிழமை காலி ஃபேக்டரியில் மெஷின் ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை, சிக்னல் கிடைக்கும் ஏதோ இடத்தில் இருந்து, எங்கள் ஊர் நண்பர்கள் வாட்ஸாப்பில் படம் வந்தது. ஆரஞ்சுச் சட்டை போட்ட அனில், பனியில் முழங்கால் போட்டு, ஒரு பெரிய கிடா மானின் கொம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அவன் முழங்காலுக்குக் குறுக்கே துப்பாக்கி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் வாங்கிய அதே மாடல். அதே குண்டுதான் என்று பிறகு அவனே சொன்னான். எப்போது வகுப்புக்குப் போனான், எப்போது வாங்கினான், எந்தக் கடையில், எனக்குத் தெரியாது.

படத்துக்குக் கீழே ஊர் முழுக்கக் கை தட்டிக்கொண்டிருந்தபோது அம்மா ஃபோன் செய்தாள். எடுத்ததும் அழுகைச் சத்தம். பயந்து போனேன்.

"மக்ளே... மாலை போட்டிருக்கியாமே. எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"ஆரும்மா சொன்னது?"

"அனிலு அவனுக்க அம்மைக்கிட்ட சொல்லியிருக்கான். அவ ஓடி வந்து பறஞ்சா. அப்பா போன பொறவு நீ சாமியையே விட்டுட்டேன்னு நான் எத்தர நாளு கரைஞ்சிருக்கேன் தெரியுமா? அந்த நாட்டில, அந்தக் குளிர்ல, எப்பிடி மக்ளே காலையில குளிக்க?"

வாயைத் திறந்தேன். "சுடுவெள்ளம் வரும்மா," என்றேன்.

"வேட்டைக்கு விளிச்சும் போவல்லியாமே. எனக்க பிள்ள!" என்றாள்.

அம்மாவுக்கு இப்போது எழுத்து வாசிக்கக் கண் போதாது. இதை அவளுக்கு யாராவது வாசித்துக் காட்டுவதாக இருந்தால், தயவுசெய்து வேண்டாம்.

பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த தேவிகா ஆங்கிலத்தில் சொன்னாள்: "உண்மை இல்லை என்று சொல்லிவிடுங்கள், அப்பா. கேரியிடமும் சொல்லுங்கள், பாட்டியிடமும் சொல்லுங்கள். இதில் என்ன கஷ்டம்?" அவளுக்கு உண்மையாகவே அதில் கஷ்டம் தெரியவில்லை. இந்த மண்ணில் வளர்ந்தவள். பொய் என்றால் பொய் என்று சொல்லி முடித்துவிடலாம் என்று நினைக்கிறாள். நான் விளக்கப் பார்த்தேன். பாதியில் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

6

அனில் திரும்பி வந்த அன்று அவன் கராஜுக்குப் போனேன். மானைத் தொங்கவிட்டுத் தோலுரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"என்னலே செஞ்சிருக்க?" என்றேன்.

"உக்காரு மணி. சாயா குடிக்கியா?"

"சாயா கெடக்கட்டு. நான் எப்பம்லே மாலை போட்டேன்?"

தோலை இன்னும் கொஞ்சம் இழுத்தான். பிறகு சொன்னான்: "ஒரு கட்டிலுதான் கெடந்து. அவரு ஒன்னைத்தான் விளிச்சாரு. எப்பவும் ஒன்னைத்தான் எல்லாரும் மொதல்ல விளிப்பாங்க. எனக்கு இங்க ஆரு இருக்கா? நீ வந்து வேர் பிடிச்சாச்சு. நான் மணலுக்குள்ள அத்தர வருசம் கெடந்து கரிஞ்சிட்டு, இங்க வந்தும் ஒனக்கப் பொறத்தாலயே நடக்கணுமா?"

"எனக்கிட்ட கேட்டிருந்தா நானே தந்திருப்பேனே."

"அதுதான் மக்கா வேண்டாம்னு பட்டது. நீ தந்து நான் வாங்கணும். வேலையும் நீ தந்தது. வீடு நீ காட்டினது. இதயும் நீ தரணும், என்ன?"

"அம்மைக்கிட்ட எதுக்குலே சொன்ன?"

"கேரி ஒருநாள் ஒனக்க வீட்டில கேட்டாருன்னா? கத ஒண்ணுபோல இருக்கணும்லா?" குரலில் கோபமே இல்லை. "போயி சொல்லு. அனிலு பொய் பறஞ்சான்னு எல்லாருகிட்டயும் சொல்லு. அம்மைக்கிட்டயும் சொல்லு. ஒனக்கு முடியும்னா சொல்லு."

என்னால் முடியாது என்று அவனுக்குத் தெரியும். நாற்பது வருஷமாக என்னை அறிந்தவனுக்கு எது தெரியாது? அந்நியன் ஏமாற்றினால் அடிக்கிற இடம் தெரியாமல் அடிப்பான். இவன் அளந்து அடித்தான்.

7

தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றி சொல்லும் விடுமுறை முடிந்த வாரம், பகல் ஷிஃப்டும் எங்கள் ஷிஃப்டும் சந்திக்கும் நேரத்தில், ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவந்து பங்குபோட்டார்கள். நடுவில் பெரிய தட்டில் மான் சாஸேஜ். கேரி எனக்காக மூடிய பாத்திரம் ஒன்று கொண்டுவந்திருந்தார். உருளைக்கிழங்கும் பீன்ஸும். "புதுச் சட்டி. என் மனைவி இதற்கென்றே வாங்கினாள். இறைச்சி பட்டதே இல்லை," என்றார். பொய்க்கு யாரோ இவ்வளவு சிரத்தையாக மரியாதை செய்கிறார்கள்.

அனில் எதிரே உட்கார்ந்திருந்தான். தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அத்தோடு நின்றிருந்தால் நான் பீன்ஸைச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பேன். கேரி பேச்சைத் தொடர்ந்தார்.

"நீல் ஏன் அந்தக் குண்டைத் தேர்ந்தெடுத்தான் என்று கேபினில் எங்களுக்குச் சொன்னான். அவன் அப்பாவும் அந்த மிருகமும். ரப்பர் காட்டில். சிரட்டையில் தண்ணீர் ஊற்றினாராமே. மேனி, உனக்குத் தெரியுமா அந்தக் கதை? எங்களில் ஒருத்தனுக்கும் கண் காயவில்லை."

அனிலின் அப்பா குலசேகரம் சந்தையில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். ரப்பர் காட்டுக்குள் அவர் கால் வைத்ததில்லை.

கட்டிலை எடுத்தான், போகட்டும். என் பெயரை எடுத்தான், அம்மாவின் சந்தோஷத்தை எடுத்துத் தன் பொய்க்கு முட்டுக்கொடுத்தான். எங்கள் அப்பாவையும் எடுத்துக்கொண்டானா? ஜீப்பில் ஏறிப்போய் சாயங்காலம் சாப்பிடாமல் படுத்த மனுஷனை?

கையை நீட்டி சாஸேஜில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன்.

"மேனி, உன் நாற்பத்தொரு நாள்..." என்றார் கேரி.

"விரதம் இல்லை," என்றேன். "இந்த வருஷம் விரதம் இல்லை. நீல் சொன்னது..." பொய் என்பதற்கான ஆங்கில வார்த்தை எனக்குத் தெரியாதா? சின்னக் குழந்தைக்கும் தெரிந்த வார்த்தை. அந்த நேரத்தில் அது வரவில்லை. "சரியில்லை," என்றுதான் வந்தது. "நீல் சொன்னது சரியில்லை. அது என் அப்பா."

நான் அழ ஆரம்பித்திருந்தேன். அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

கேரி எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "என் தப்பு. இறைச்சியை உன் முன்னால் வைத்தேன், உன் அப்பாவையும் ஞாபகப்படுத்திவிட்டேன். கடவுள் புரிந்துகொள்வார்," என்றார். அவருக்கு விளங்கியது இவ்வளவுதான்: பாவம், பசி தாங்காமல் விரதத்தை முறித்துவிட்டான். செத்துப்போன அப்பாவை நினைத்து அழுகிறான்.

அனில் அப்போதுதான் தலையைத் தூக்கினான். வளைகுடாவில் பழகிய, தடுக்காத ஆங்கிலம் அவனுக்கு. "கஷ்டமான விரதம் அது," என்றான் எல்லோரிடமும். "இதைப் பற்றி யாரும் பேச வேண்டாம். அவனை விட்டுவிடுங்கள்."

எல்லோரும் தலையாட்டினார்கள். யாரோ அந்தச் சாஸேஜ் தட்டை என் கண்ணில் படாத இடத்துக்கு நகர்த்தி வைத்தார்கள்.

8

வசந்தத்தில் கேரி ஓய்வு பெற்றார். அவர் பார்த்துவந்த பகல் ஷிஃப்ட் பொறுப்பு அனிலுக்குப் போனது. கேபினில் வைத்து முடிவானதா என்று எனக்குத் தெரியாது, யாரையும் கேட்கவும் இல்லை. பகல் ஷிஃப்ட் கிடைத்தால் தேவிகாவோடு ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரலாம் என்று நானும் சுனிதாவும் பேசி வைத்திருந்தோம். என் துப்பாக்கி பூட்டிய அலமாரியில் இருக்கிறது. வேலையிடத்தில் நானும் அனிலும் பேசாமல் இருக்க முடியாது, மெஷின் இருக்கிறதே. ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறோம். அவன் ஒருநாள் தமிழில் ஆரம்பித்தான். நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் முயற்சி செய்யவில்லை.

கோடையில் அவன் ஊருக்குப் போய் வந்தான். வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம் காலிங்பெல் அடித்தது. திறந்தால் அவன். கையில் நாகர்கோவில் துணிக்கடைப் பை.

"அம்மை தந்து விட்டா," என்றான், தமிழில். "போன கார்த்திகையில எனக்கத் தம்பி மலைக்குப் போகும்போ ஒனக்கப் பேருல நெய்த்தேங்கா கொண்டுபோகச் சொல்லியிருக்கா. அந்த அரவணைப் பிரசாதம்தான். ஒனக்குன்னு எடுத்து வச்சிருந்தா."

நான் பையை வாங்கிக்கொண்டேன். உள்ளே டப்பா கனத்தது.

"அம்மைய நாகர்கோவில்ல கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன் மணி. ஆப்பரேசன் வேணுமாம். பேடிக்காண்டாம், சின்னக் காரியம்தான்னு டாக்டர் சொன்னாரு. நான் கூடவே இருந்து எல்லாம் கேட்டேன்." அவன் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. "ஒன்ன நெனச்சு அவ்வளவு சந்தோசமா இருக்கா. உள்ள வரட்டா மக்கா?"

அம்மாவின் கண்ணைப் பற்றி இன்னும் நாலு கேள்வி கேட்க எனக்கு இருந்தது. எந்தக் கண், எப்போது ஆப்பரேஷன், அவள் பயந்தாளா. எல்லாவற்றுக்கும் பதில் அவனிடம்தான் இருந்தது.

அடுக்களையில் இருந்து சுனிதா குரல் கொடுத்தாள். "ஆரு வந்திருக்கா?"

"பார்சல் கொண்டு வந்த ஆளு," என்றேன், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கதவைச் சாத்துவதற்கு முன்னால்.